அக்கா திருகிய குமிழ்

எங்கள் குழுவில் கிட்டார் வாசித்தவள் என் அக்கா. டிரம்ஸ் அவள் கணவர், எனக்கு மாமா. கூடத்தின் கடைசியில் மிக்ஸர் மேசை முன்னால் உட்கார்ந்து, யாருடைய சத்தம் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. பாடுகிறவர்களும் கீபோர்டுக்காரர்களும் வருவார்கள், போவார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் பதினான்கு வருடம் ஒரே வேனில் ஏறி இறங்கினோம். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, ஹோட்டல் கூடம் என்று யார் கூப்பிட்டாலும் போவோம்.

மேடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அக்கா மாமாவை ஒட்டித்தான் நிற்பாள். மாமாவின் பெரிய சிம்பல் தட்டு அவளுடைய இடது தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும். அங்கே நின்றால்தான் தாளம் உடம்புக்குள் இறங்குகிறது என்பாள். அவளுடைய வாசிப்பு அவளுக்கே கேட்பதற்காக அதே இடது பக்கம் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைப்பேன். போதுமா என்று தூரத்திலிருந்து சைகை காட்டினால், இன்னும் கொஞ்சம் என்று விரலைத் தூக்குவாள். நானும் கூட்டிவிடுவேன்.

அக்கா வேகமாக வாசிக்கிற ஆள் இல்லை. அவள் ஐந்து சுரம் வாசித்தால் ஐந்தும் ஐந்து கனத்தில் இருக்கும். ஒன்றைத் தொட்டும் தொடாமலும் விடுவாள், அடுத்ததைக் கொஞ்சம் சாய்ப்பாள், நான்காவதில் கதவைத் தட்டுவாள். சாப்பாட்டுப் பந்தியை நோக்கி நடந்துகொண்டிருக்கும் ஆள்கூட ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்ப்பான். நான் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கம்ப்ரஸர் பெடலை வாங்கி வந்தது நான்தான். உள்ளங்கை அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி, மேலே மூன்று குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு பொத்தான். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே அதை மாட்டினால், ஓங்கி அடித்த சுரத்தைக் கொஞ்சம் அமுக்கும், மெல்லத் தொட்டதைக் கொஞ்சம் தூக்கிவிடும். சட்டென்று அடங்கிப்போகிற சுரம் இன்னும் இரண்டு நொடி நிற்கும். அக்கா இரண்டு பாட்டு வாசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது நம்ம அம்மா மாதிரிடா. கத்துறவன் தலையில தட்டுது, வாயே திறக்காதவனுக்கு இன்னொரு கரண்டி வெக்குது. கடைசியில எல்லாரும் ஒரே மாதிரி உக்காந்திருக்காங்க" என்றாள்.

ஆனாலும் மெதுவான பாட்டுகளுக்கு அது தேவைப்பட்டது. பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் குமிழ் கால் பங்கைத் தாண்டக் கூடாது. அந்த இடத்தில் அவளுடைய நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். ஏழெட்டு வருடம் குமிழ் அந்தப் புள்ளியிலேயே இருந்தது.

பிறகு நகர ஆரம்பித்தது. முதலில் பையில் உரசித் திரும்பியிருக்கும் என்று நினைத்துச் சரி செய்தேன். அடுத்த நிகழ்ச்சியில் பாதிக்கு வந்திருந்தது. அதையும் சரி செய்தேன். ஒரு நாள் ஒத்திகையில், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அக்கா குனிந்து அதைத் திருகுவதைப் பார்த்தேன். கொஞ்ச மாதத்தில் குமிழ் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. அவள் தொட்டாலும் தட்டினாலும் வெளியே ஒரே கனத்தில் வந்தது. அவள் கையை எடுத்ததும், பெட்டி வேறு சத்தம் கிடைக்காமல் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மழை பெய்கிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்ஸ்'.

அந்தச் சமயத்தில் மாமாவின் அடியும் தளர்ந்திருந்தது. தடித்த குச்சிகளை விட்டுவிட்டு, ஈர்க்குபோல மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டியதை வைத்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். சிம்பல்களுக்கு அடியில் டேப் ஒட்டியிருந்தார். என்ன மாமா, வர வரத் தூங்க வெக்கறீங்களே என்று கேட்டதற்கு, தோள் வலி, வயசாகுது மாப்ள என்று சிரித்தார். நானும் நம்பினேன். இரண்டு பேரும் அலுத்துப்போய்விட்டார்கள், நான் ஒருவன்தான் குழுவைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்று எனக்குள் ஒரு எண்ணம் வேறு.

எங்கள் ஒத்திகை அறை ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருப்போம். ஒரு மத்தியான ஒத்திகையில் பாடகர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு பாடுவதால் அவருக்கு எங்களிடையே 'மைக் முழுங்கி' என்று பெயர். நான் மெல்லப் பாடுகிற இடத்திலும் கிட்டார் மெல்ல இறங்கி வரவில்லையே, நான் யாரோடு சண்டை போடுவது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நான் மண்டி போட்டுக் குமிழைப் புள்ளிக்குத் திருப்பப் போனேன். அக்கா பெடல் மீது காலை வைத்துவிட்டாள். எடு என்றேன். அது அப்படியே இருக்கட்டும் என்றாள். இரண்டு மூன்று முறை இதையே சொன்னோம். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. எழுந்து, அவளுடைய இடது பக்கமாகப் போய், ஒரு கேபிளைச் சுருட்டிக்கொண்டே முணுமுணுத்தேன்.

"விரல்ல இருந்ததெல்லாம் போயிடுச்சு. அத மறைக்கத்தான் இந்தப் பெட்டி."

அக்கா என் பக்கம் திரும்பினாள். சிரித்த முகமாகத் தலையை ஆட்டினாள்.

"ஆமா, ஆமா" என்றாள்.

பாடகர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். மாமா சிம்பலைக் கையால் பிடித்து அதன் அதிர்வை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு குனிந்து நட்டை முறுக்கினார். எனக்கு அந்தச் சிரிப்புதான் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சொல்லியும் உறைக்கவில்லையே, என்ன திமிர் என்று நினைத்தபடி படியிறங்கிப் போய்விட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் அடுத்த வாரம் அந்த வேலையைச் செய்தேன். ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. காலைப் பதினோரு மணிக்கு ஆரம்பம். அறுநூறு நாற்காலி போட்ட குளிர்சாதனக் கூடம். அக்கா உடை மாற்றப் போயிருந்த நேரத்தில் மேடையேறி, குமிழைச் சிவப்புப் புள்ளிக்கும் கீழே இறக்கினேன். திரும்பத் திருகிவிடாமலிருக்கக் கறுப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டினேன். மேடை வெளிச்சத்தில் அது தெரியாது. பழைய அக்கா எப்படி வாசிப்பாள் என்று அவளுக்கே காட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு கிட்டாரில்தான் தொடங்கும். கீபோர்டு அடியில் மெல்ல நிற்க, மாமா தொடையில் தட்டுகிற மாதிரி மெல்லத் தாளம் வைக்க, அக்கா தனியாகப் பதினாறு தாளச் சுற்று வாசிக்க வேண்டும். அவள் தொடங்கினாள். என் மேசையில் அவளுடைய சானலின் பச்சை விளக்குகள் ஏறி இறங்கின. ஹெட்போனை வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் வேறு வேறு கனத்தில், மூச்சு விட இடம் விட்டு வந்தது. இரண்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சத்தம் அதுதான். கூடமே அடங்கி உட்கார்ந்திருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்துக்கொண்டே கிட்டாரின் வால்யூமைத் தொட்டுப் பார்த்தாள். பின்னால் திரும்பி ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். கேபிளை அழுத்தினாள். பிறகு அறுநூறு பேரைத் தாண்டி என்னைப் பார்த்து, காதைத் தொட்டு, உள்ளங்கையை விரித்து ஆட்டினாள். சத்தம் வரவில்லையாம்.

வருகிறது என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவள் மறுபடியும் கையை ஆட்டினாள். அதற்குள் இன்னொரு கை கம்பியைத் தட்ட, அந்தச் சுரம் கூடத்தின் கடைசி வரிசை வரை தெளிவாக வந்து விழுந்தது. விளக்கு பச்சையில் ஏறி இறங்கியது. அறுநூறு பேருக்கும் கேட்டது அவள் ஒருத்திக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் பயந்து ஓங்கி அடிக்க ஆரம்பித்தாள். அது வெளியே பளார் பளார் என்று விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார். மாமா குச்சியைத் தூக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கு வைத்து, பாட்டை இடையிலேயே வேகமாகத் தூக்கிக்கொண்டு போய் டிரம்ஸ் சத்தத்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டார். அன்று மீதி நிகழ்ச்சியில் அக்கா கையை மட்டும் கம்பிமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, மேடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஒரு டிரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். டேப் ஒட்டியது நான்தான் என்று சொன்னேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தாள். எத்தனை மாதமாக அவள் எங்கள் எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ தெரியாது.

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றாள். "சின்னதா வாசிச்சா காணாமப் போயிடுது. பெருசா வாசிச்சா காதுல ஆணி அடிக்கற மாதிரி இருக்கு. நடுவுல கொஞ்சூண்டு எடம்தான்டா மிச்சம். அந்தப் பெட்டி எல்லாத்தையும் அந்த எடத்துக்குள்ள கொண்டு வந்து வெச்சுது."

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் என்னை வீட்டில் உட்கார வைத்திருப்பீர்கள் என்றாள். பிறகு மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டாள். பதினான்கு வருடம் அவர் சிம்பலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், தெரிந்தால் அந்த மனுஷன் இனிமேல் குச்சியைத் தொட மாட்டார் என்றாள். அந்த மானிட்டரை அங்கே வைத்து, ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கூட்டியது யார் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வேனில் சாமான் ஏற்றும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தே வேலை செய்தேன். அவரே ஸ்டாண்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு ஒன்றரை வருஷமாத் தெரியும் மாப்ள. காலையில அலாரம் அடிச்சிட்டே இருக்கும். தலைமாட்டுலதான் இருக்கும். அவ அசைய மாட்டா."

தோள் வலி எல்லாம் பொய்யா என்று கேட்டேன். தோளுக்கு ஒரு கேடும் இல்லை என்றார். அவள் காதைக் காப்பாற்றத்தான் மெல்லிய குச்சியும் டேப்பும். இதைப் பற்றி அவளிடம் பேசிவிட்டால் அவள் மேடையை விட்டு இறங்கிவிடுவாள், அவள் இறங்குவதைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்றார். ஆகவே தனக்குத் தெரியும் என்பதை அவளிடம் சொல்லிவிடாதே என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

ஒரே வீட்டில், ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொருவர் ஒன்றரை வருடம் நடித்திருக்கிறார்கள். அதற்குள் அவள் காது இன்னும் போயிருக்கிறது. நான்கு நாள் நானும் அந்த நாடகத்தில் இருந்தேன். ஐந்தாம் நாள் முடியவில்லை. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா தட்டைப் பார்த்தார். அக்கா, தோளுக்குத் தினம் தைலம் தேய்த்துவிட்டேனே என்று மட்டும் சொன்னாள். மாமா எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் திறந்தே இருந்தது. அவர் எதற்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தண்ணீர் சத்தமும் கேட்கவில்லை.

காது மருத்துவமனையில் நான்தான் கூடப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அக்காவை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே திரையில் கோடு வந்தது. மிக்ஸர் மேசையின் ஈக்வலைசரில் ஒவ்வொரு பட்டையாக இறக்குகிற மாதிரி, உச்ச ஸ்தாயிக்குப் போகப் போகக் கோடு கீழே சரிந்துகொண்டே போனது. இடது காது பெரும்பாலும் போய்விட்டது, வலதும் அதே வழியில் போகிறது என்றார் டாக்டரம்மா. போனது திரும்பி வராது. காதுக் கருவி வைக்கலாம், அது சின்னச் சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அடக்கும் என்று விளக்கினார். அந்த விழாவுக்குப் பிறகு அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். அதைத்தான் நான் இரண்டு வருடமாகக் காலடியில் வைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை.

மருந்துச் சீட்டுக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய வலது பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டு, அன்று ஒத்திகையில் நான் ஒன்று சொன்னேனே, நீ ஆமா என்றாயே என்று ஆரம்பித்தேன். அவளுக்கு நினைவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன். ஒரு எழுத்து மாற்றாமல், நிறுத்தி நிறுத்தி, அவள் வாயைப் படிக்கும்படி சொன்னேன். அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்றை நான் செய்ததில்லை.

அக்கா மடியில் இருந்த பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கேட்டிருந்தாலும் ஆமான்னுதான்டா சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, நம் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் சொல், எனக்குக் கேட்காது என்றாள்.

கருவி வந்த முதல் நாள், கையிலிருந்த பிளாஸ்டிக் பை சரசரப்பதைக் கேட்டு நடுத்தெருவில் நின்று அதையே நசுக்கி நசுக்கிப் பார்த்தாள். மாமாவுக்கும் எனக்கும் அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமா அவள் கிட்டாருக்குப் புதுக் கம்பி கட்டி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் வாசித்தாள். பத்து நொடியில் நிறுத்தினாள். சுரம் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது, யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பெடலும் அமுக்கியது, கருவியும் அமுக்கியது. நான் பெடலைக் கழற்றினேன். மறுபடி மருத்துவமனைக்குப் போய், இசைக்கென்று கருவியில் தனியாக ஒரு அமைப்பு வைக்கச் சொன்னோம். தள்ளாட்டம் குறைந்தது. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் போய் எல்லாக் குமிழையும் எல்லாக் கோணத்திலும் திருகிப் பார்த்தேன். மாமா எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் அவள் ஒரே ஒரு கம்பியை மீட்டிவிட்டு, முறுக்காணியை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சுதி சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது அக்கா என்றேன். வலது காதைப் பொத்திக்கொண்டு மீட்டினாள். இடது காதைப் பொத்திக்கொண்டு மீட்டினாள்.

"ரெண்டு காதுலயும் ரெண்டு சுரமா கேக்குது" என்றாள். "ஒரு கம்பிதான்டா இருக்கு. எந்தச் சுரத்துக்கு நான் சுதி சேக்கறது?"

அதற்குப் பெடல் இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிலருக்கு அப்படி ஆவதுண்டு, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அக்கா கிட்டாரைத் துடைத்து, கம்பிகளைத் தளர்த்தி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அழவில்லை. அன்று மாலை மாமா தன் டிரம்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி மாடியில் கொண்டு போய் வைத்தார். வேண்டாம், நீங்கள் வாசியுங்கள் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். பதினான்கு வருடம் அடித்தாயிற்று, இனிச் சும்மா இருந்தால்தான் என்ன என்றார். இப்போது அவர் ஒரு மரச்சாமான் கடையில் கணக்குப் பார்க்கிறார். அக்கா வீட்டிலேயே துணி தைக்கிறாள். முன்பைவிட நிறையப் பேசுகிறாள். தான் பேசிக்கொண்டிருக்கும்வரை அடுத்தவர் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை அல்லவா.

நான் வேறு குழுக்களுக்கு மிக்ஸர் போடுகிறேன். நல்ல பிள்ளைகள், நன்றாக வாசிக்கிறார்கள். மானிட்டரைக் கூட்டச் சொல்லி விரலைத் தூக்குவார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அதனால் இரண்டு குழு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டிச் சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வெளியே போயிருந்தார். அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே அது அடிப்பது வாசலுக்கே கேட்டது. மூன்று முறை அழுத்தினேன். வீட்டில் இருக்கும்போது கருவியைக் கழற்றி வைத்துவிடுவாள். ஜன்னல் திறந்திருந்தது. தையல் மிஷின் ஓடுகிற சத்தமும், அதோடு அவள் எதையோ முனகுவதும் கேட்டது. நாங்கள் எத்தனையோ மேடையில் போட்ட பாட்டு. சுதி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. ஒரு வரியில் மேலே ஏறிவிடும், அடுத்த வரியில் கீழே நழுவிவிடும். வேனில் யாராவது அரைச் சுரம் தப்பிப் பாடினால் முகத்தைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவள் அவள். பல்லவியை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். சந்தோஷமாகத்தான் பாடினாள்.

நான் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வெயிலில் அப்படியே நின்றேன். பாட்டு முழுக்க முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காயப்போட்ட துணியை எடுக்க அவள் கதவைத் திறந்தாள், என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

"எவ்ளோ நேரமாடா நிக்கற?"

அவள் என் வாயைப் பார்க்கும்வரை காத்திருந்தேன்.

"இப்பதான் வந்தேன்" என்றேன்.